இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை

சுவர் தேய்த்த கைதான் பிறகு உடம்பு தேய்த்தது. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பன்னிரண்டு வருஷம் சாந்துப் பூச்சு வேலை பார்த்தேன். அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து கொத்தனார் பூசிவிட்டுப் போவார். ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். நான் தேய்த்த சுவர் எது, மற்றவள் தேய்த்த சுவர் எது என்று கொத்தனார் கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் சாரத்தில் நிற்கும்போது இடது கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. கண் போயிற்று. ஒற்றைக் கண்காரியைச் சாரத்தில் ஏற்ற முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று வயதில் இரட்டைப் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளால்தான் இரண்டாவது தொழில் வந்தது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் தொட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடுத்த வீட்டுக்காரி கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்து நின்றாள்.

"ஏத்தா, ஒரு இழுப்பு இழுத்து விடு. ரெண்டு நாளா எம்புருசன் இடப்பக்கமா நின்னே வைய்யிறாரு. திரும்பிப் பதில் சொல்ல முடியல."

நல்லெண்ணெய் தொட்டுக் கழுத்தில் விரலை வைத்தேன். சுவரில் பூச்சுக்கு அடியில் காற்று நின்றுவிட்டால் அந்த இடம் லேசாக மேடு கட்டும். மேட்டின் மேலே அழுத்தக் கூடாது. ஓரத்திலிருந்து கல்லைக் கொண்டுவர வேண்டும். கழுத்து நரம்பிலும் அப்படி ஒரு மேடு இருந்தது. ஓரத்திலிருந்து கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் அவள் புருஷனுக்குப் பதில் சொல்வது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அதன் பிறகு முதுகு, இடுப்பு, பிள்ளை பெற்ற உடம்பு என்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் என் பிள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பிள்ளை பெற ஆடு மாட்டுக்கும் தெரியும். நரம்பைக் கண்டுபிடித்தது என் கை. அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வாந்திபேதி வந்தது. காலையில் கண்ட மூத்தவள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். இளையவள் தேறிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் சுளுக்கென்று ஒருவரும் வரவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் அடுத்த வீட்டுக்காரி மறுபடியும் கழுத்துக் கோணி நின்றாள். வா, எடுத்து விடுகிறேன் என்றேன்.

குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோவிச்சுக்காதத்தா. ரெட்டை ஒத்தையாயிருச்சு. இனிமே அந்தக் கை பலிக்காதுன்னு சொல்றாக."

"யாரு சொல்றாக?"

"எல்லாரும்தான்."

நான் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. இளையவள் கேப்பைக் கஞ்சியை வழித்துக் குடித்துவிட்டுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த நிலையில் கண்டனூரிலிருந்து ஆள் வந்தது. வருஷமெல்லாம் பூட்டிக் கிடந்து கலியாணத்துக்காகத் திறந்திருந்த பெரிய வீடு. கலியாணப் பெண்ணின் அம்மாவான ஆச்சிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நாலு நாளில் முகூர்த்தம். சாவுச் செய்தி அவர்கள் காதுக்கு எட்டவில்லை. விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் இளையவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெட்டைன்னாகளே, இன்னொண்ணு எங்க?" என்றார் ஆச்சி.

"வீட்டுல இருக்கு ஆச்சி."

இளையவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

மூன்று நாளும் காலையில் கணுக்காலை எண்ணெய் தொட்டு நீவி வழித்தேன். வீக்கம் வடிந்தது. மூன்றாம் நாள் ஆச்சி யாரையும் பிடிக்காமல் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பாத்தீகளா, ரெட்டைப் புள்ளக்காரி கைன்னா சும்மாவா!" என்று உறவுப் பெண்களிடம் சொன்னார்.

அந்தப் பேச்சுதான் என்னைக் குத்தியது. கால்தான் குணமாகிவிட்டதே, இனி உண்மையைச் சொன்னாலும் என் கையை நம்புவார்கள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு சொல்லணும் ஆச்சி. மூத்தது செத்து மூணு மாசமாச்சு. உங்க காலைச் சரி பண்ணுனது ஒத்தைப் புள்ளக்காரி கைதான்."

ஆச்சி மெல்ல உட்கார்ந்தார். கணுக்காலைப் பிடித்தார். முகம் சுருங்கியது.

"அதான பாத்தேன். உள்ளுக்குள்ள இன்னும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

அவர் நடிக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. அந்தக் கால் உண்மையிலேயே வலித்தது.

"கலியாண வீட்டுல வந்து சாவைச் சொல்றியேடி, உனக்கு அறிவிருக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. இரட்டை ஆண் பிள்ளை பெற்ற வேறொருத்தியைக் கூட்டிவர ஆளை ஓட்டினார்கள். ஆச்சிதான், "ரெண்டு பேரையும் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். நான் நிற்கவில்லை. இளையவள் சமையல் கட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தச் சோற்றை அவளுக்கு வாங்கிக் கொடுக்காமல் வந்தது என் வீம்பு. அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வாரமே நாச்சியாபுரத்துக்குக் குடி மாறினேன். முதலில் வந்தவள், இரட்டைப் பிள்ளை பெற்றவளா என்று கேட்டாள். "ஆமா, ரெட்டைதான். மூத்தது அம்மாச்சி வீட்டுல வளருது" என்றேன். ஆட்கள் வந்தார்கள். வாசலில் காத்துக் கிடந்து வழித்துக்கொண்டு போனார்கள். இளையவளுக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள். அக்காவுக்கு முடி நீளம் என்பாள், அக்காவுக்கு நீச்சல் தெரியும் என்பாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மூத்தவள் இருக்க இளையவளுக்கு முடிக்கலாமா என்று ஊரில் கேட்டார்கள். மூத்தவளை ரங்கூனில் கட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

ஒரு நாள் இடுப்புப் பிடிப்போடு வந்த ஒருத்தி குப்புறப் படுத்தபடியே கேட்டாள்.

"ரங்கூன்காரி கடுதாசி போடுறாளா?"

"போடுறா. சவுக்கியமா இருக்காளாம்."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் முதுகு என் கைக்கு இளகிக் கொடுத்தது.