மீசையைப் பறித்த பந்து

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் அறைத்தோழன் சேகரும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இயற்பியல் படித்தோம். ஒருநாள், அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் பேஸ்பால் பயிற்சியைப் பார்க்கப் போனோம்.

"சுத்துற பந்தைக் காத்தே ஒரு பக்கமாத் தள்ளிடும்டா" என்றேன்.

"தரையில பிட்ச் ஆகாம பால் திரும்புமா? திரும்பினா மீசையை எடுத்துடறேன்!"

பந்து பிடிப்பவருக்குப் பின்னால், வலைக்கு வெளியே நின்ற எனக்கு அது பக்கவாட்டில் வளைவது நன்றாகவே தெரிந்தது. பந்து போகும் பாதைக்குப் பக்கவாட்டில், மைதானத்தின் ஓரத்தில் நின்ற சேகர், "ஸ்ட்ரெய்ட்டாதானே போச்சு!" என்று சிரித்தான்.

இடம் மாறினோம். அடுத்த பந்தில் அவன் சிரிப்பு நின்றது. "வளையுதுடா!"

ஓரத்திலிருந்து பார்த்த எனக்கோ அது நேராகவே போனது.

மறுநாள் மீசையில்லாமல் வகுப்புக்கு வந்தான். வென்றது நான்தான், ஆனால் நேராகப் போனதையும் என் கண்ணாலேயே பார்த்தேனே!

பிறகு பத்திரிகையில் சேர்ந்தேன். நேரில் பார்த்ததாக யார் சொன்னாலும், எங்கே நின்று பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.