கொல்லாம்பழம் நீட்டிய ஏவாள்

இந்த இடவப்பாதி மழையில் எங்கள் வீட்டு அலமாரிக்குள் பூஞ்சை ஏறிவிட்டது. வெயில் முகம் காட்டிய ஒரு காலையில் துணிகளை வாரிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது என் கறுப்புக் குளிர்கோட்டு. உதறியதும் முதலில் அந்துருண்டை வாசனை. அதற்குப் பின்னால், மெதுவாக, ஈரக்கல்லும் மெழுகுவத்திப் புகையும் கலந்த இன்னொரு வாசனை. கம்பளி இத்தனை வருடம் இதையெல்லாம் வைத்திருக்குமா என்று கேட்காதீர்கள். என் மூக்கு அப்படிச் சொல்லிற்று. நான் அதை நம்பி, துணிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கோட்டைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நடைபாதையில் வாங்கினேன். யாரோ பெரிய உடம்புக்காரன் போட்டுக் கழித்தது. நான் போட்டுக்கொண்டு நின்றால் கோட்டு தனியாகவும் நான் தனியாகவும் நிற்பதுபோல் இருக்கும். அப்போது ஒரு சின்ன டிராவல்ஸில் எனக்கு வேலை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, வெள்ளறடைப் பக்கத்து ஆட்களைச் சேர்த்து ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய், ஒருவரையும் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயரானவர்கள். மகன் கல்ஃபில், மகள் அயர்லாந்தில் நர்ஸ். ரோமுக்குப் போனால் போப்பாண்டவரைப் பார்க்கலாம் என்றுதான் புறப்படுவார்கள். மற்ற ஊர்கள் எல்லாம் சோப்போடு கொடுக்கிற ஸ்பூன் மாதிரி.

விளக்கம் சொல்வதும் என் பொறுப்பு. கூர்மையாக இருந்தால் கோதிக், தங்கம் பூசியிருந்தால் பரோக். இந்த இரண்டை வைத்துக்கொண்டே முதல் வருடத்தை ஓட்டினேன். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அவர்களுடைய கேள்விகளே வேறு. மிலான் பேராலயத்தின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்த வெள்ளறடை ரப்பர்காரர் ஒருவர், "எலே, இதுக்க மேல ஏறி எவம்லே ஒட்டடை அடிப்பான்?" என்று கேட்டார். வெனிஸில் இன்னொருவர், வீட்டு வாசற்படிவரை தண்ணீர் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "இவியளுக்கு வில்லேஜ் ஆபீசர் ஒண்ணும் கெடையாதா மக்கா?" என்றார். சிரித்தேன். இப்போது யோசித்தால் இரண்டுமே நல்ல கேள்விகள். ஒட்டடை அடிக்க அங்கே யாரோ இருந்தார்கள். அதனால்தான் அது நின்றது.

எங்கள் ஊர் ஞானதாஸ் சாரும் ஸ்டெல்லாக்காவும் வந்தது அதற்கடுத்த பயணத்தில். சார் அரசாங்க ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்டெல்லாக்கா அவர் மனைவி. எங்கள் வீட்டுக்கு இரண்டு மதில் தள்ளி அவர்கள் வீடு. நாங்கள் இந்துக்கள், அவர்கள் கத்தோலிக்கர். ஆனால் கோயில் என்று எங்கள் தெருவில் சொன்னால் அது அவர்களுடைய கோயில்தான். கப்பலில் வந்த யாரோ ஒரு சாமியார் கட்டியதாம். ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே பலாமரப் பலகையில் மச்சு என்கிற உட்கூரை, மச்சு முழுக்கச் சாயப்படங்கள். வரைந்தவன் இந்தப் பக்கத்து ஆள்தான் என்பது பார்த்தாலே தெரியும். ஏதேன் தோட்டத்தில் தென்னையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் நிற்கும். ஆப்பிளை அவன் கண்ணால் கண்டிருக்க மாட்டான் போலிருக்கிறது. ஏவாள் ஆதாமுக்கு நீட்டுவது கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம். கொட்டையோடு, சிவப்பாக. விலக்கப்பட்ட கனி அதுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். தின்றால் தொண்டை காறும், சாறு பட்டால் சட்டையில் கறை போகாது. விலக்கியது நியாயம்தானே என்று தோன்றும்.

அந்தக் கோயிலை இடித்தபோது நான் தனுவச்சபுரம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டடக் கமிட்டித் தலைவர் ஞானதாஸ் சார். அவர் கெட்டவர் இல்லை, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. காசில் கைவைக்காதவர். ஓவர்சியருக்குப் பழைய கட்டடம் என்றால் ஆபத்து, புதியது என்றால் பத்திரம், அவ்வளவுதான். ஊரே கைதட்டிற்று. ஜேசிபி வந்த அன்று வறுத்த கடலை விற்பவன்கூட வந்துவிட்டான். மச்சுப் பலகைகளை, "கரையான் பிடிச்சது, ஒண்ணுக்கும் கொள்ளாது" என்று சொல்லி, ஓடு, கதவு, ஜன்னலோடு சேர்த்துக் காண்ட்ராக்டருக்கே எழுதிக் கொடுத்தார்கள். புதிய கோயில் கான்கிரீட்டில் எழுந்தது. பெரியது, காற்றோட்டமானது, ஒழுகாதது. அதைப்பற்றிச் சொல்ல எனக்கு இதற்குமேல் ஒன்றும் இல்லை.

பிளாரன்ஸிலிருந்து ரோமுக்குப் போகிற வழியில் ஒரு மதியம் எங்கள் பஸ் ஒரு குன்றின்மேல் இருந்த சிற்றூரில் நின்றது. டிரைவர் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டிய நேரம், அங்கே அது சட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் காப்பிக்கடைக்குள் புகுந்து பையிலிருந்த எலுமிச்சை ஊறுகாயைத் திறந்தார்கள். ஸ்டெல்லாக்கா மட்டும் எதிரே திறந்துகிடந்த ஒரு சின்னக் கோயிலுக்குள் போனாள். பின்னால் சார், அவர் பின்னால் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் நான். அந்தக் கோயில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஈரச்சுவர், மெழுகுவத்தி, இருட்டு. மேலே பலகை மச்சு, நீலத்தில் கொடிகளும் தேவதூதர்களும். பாதி அழிந்திருந்தது. சாரங்கட்டி அதன்மேல் மல்லாந்து படுத்திருந்த ஒரு இளம்பெண், பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு தேவதூதனின் கால்விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன செய்யுதா மக்கா?" என்று கேட்டாள் ஸ்டெல்லாக்கா.

என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். வரைந்தவன் பெயர் தெரியாது. பெரிய ஓவியன் ஒன்றும் இல்லை, கைகளைப் பாருங்கள், விரல்கூட வரையத் தெரியவில்லை. மரமும் செல்லரித்துவிட்டது. ஆனால் இந்த ஊருக்கு இது ஒன்றுதானே இருக்கிறது.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஸ்டெல்லாக்கா கொஞ்சநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"கரையான் பிடிச்ச பலகைண்ணு சொன்னியளே. இதும் கரையான் பிடிச்சதுதானே? இவியள் இடிச்சாவளா?"

"எடீ, அது தலையில விழுந்திருந்தா யாரு பதில் சொல்லுவா? நான் ஊருக்கு நல்லதுக்காக்கும் செய்தேன்."

"நம்ம கல்யாணத்துக்கு நான் அதுக்க கீழயாக்கும் நிண்ணேன். சாமியாரு சொன்னது ஒண்ணும் கேக்கல்ல. ஏவாளைத்தான் பாத்துக்கிட்டு நிண்ணேன். நம்மளப் போல ஒருத்தியாக்கும்ணு ஒரு தைரியம்."

அவ்வளவுதான் பேசினாள். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தூணையே பார்த்தபடி நின்றார். அந்த இத்தாலிக்காரப் பெண், யாரோ செத்துப்போன செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவகையில் சரிதான்.

ரோமில், உலகத்திலேயே பெரிய அந்தக் கோயிலின் வாசலில், வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது ஸ்டெல்லாக்கா ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் காணாண்டாம் மக்கா. கண்டது போதும். நீ அவியளக் கூட்டிட்டுப் போ." அன்று உள்ளே நின்று நான் கோதிக் என்றும் சொல்லவில்லை, பரோக் என்றும் சொல்லவில்லை. நம்முடையதை இடித்துவிட்டு, இடிக்காதவர்களுடையதைப் பார்க்க விசா வாங்கி வரிசையில் நிற்கிறோம் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த சீசனில், பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வேண்டும் என்ற சில வெள்ளைக்காரர்களை அழைத்துவர, கோட்டுகால் பக்கம் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். மின்விசிறி எங்கே என்று அண்ணாந்து பார்த்தேன். ஏவாள் கொல்லாம்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பலகைகளைக் கழுவி, மெருகெண்ணெய் பூசி, வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். கரையான் இருந்த இடமே தெரியவில்லை. மானேஜர் விருந்தினர்களிடம், இது வடக்கே ஏதோ ஒரு கொட்டாரத்து மச்சு, ராஜா படுத்துக்கொண்டு பார்ப்பதற்காக வரையச் சொன்னது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் கோதிக் சொன்ன அதே குரல்.

ஞானதாஸ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து சமையலறைப் பக்கம் எட்டிப்பார்த்தார். பிறகு, "அவளுக்கிட்ட சொல்லாண்டாம்" என்றார்.

"என்னத்தையாக்கும் சொல்லாண்டாம்?" என்று ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லாக்கா கேட்டாள்.

மூவரும் போனோம். ஸ்டெல்லாக்கா பூசைக்கு உடுத்தும் வெள்ளைப் புடவை உடுத்தியிருந்தாள். சாயா குடிக்க வந்தவர்கள் என்று சொன்ன பிறகுதான் காவல்காரர் உள்ளே விட்டார். மேசையில் உட்கார்ந்ததும் அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு, கைகூப்பி, மேலே பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சாயா கொண்டுவந்த பையன் குனிந்து, மரியாதையாகத்தான், "சேச்சி, இவிட பிரார்த்தன பற்றில்ல. கெஸ்ட் உண்டு" என்று பிரார்த்தனையைத் தடுத்தான்.

சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது எங்க கோயிலாக்கும்! எங்களுக்கதாக்கும்!" கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மானேஜர் வந்து, "சாரே, எந்தெங்கிலும் தெளிவு உண்டோ?" என்று ஆதாரம் கேட்டார். சார் மெல்ல உட்கார்ந்தார். என் பக்கம் குனிந்து, "என்ன சொல்லட்டும்லே? நான்தான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லட்டா?" என்றார்.

அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கழுத்தைச் சாய்த்து மச்சைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவள், என்ன தகராறு என்று என்னிடம் கேட்டாள். அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை, இவர்கள் ஊர்க் கோயில், இந்த அம்மா இதன் கீழேதான் கல்யாணம் கட்டினாள் என்று மானேஜர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் கொடுக்கிற வேலை போனால் போகட்டும். கிழவியின் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, தம்பதிகளாக இதன் கீழே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஸ்டெல்லாக்கா நின்றாள். நேராக, சிரிக்காமல், கல்யாணப் பெண் மாதிரி. சார் மட்டும் நகர்ந்து நகர்ந்து படத்துக்கு வெளியே போய்விட்டார். ஊருக்குப் போனதும் அனுப்புகிறேன் என்று கிழவி என் முகவரியை வாங்கிக்கொண்டாள். படம் வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. டிராவல்ஸ் மூடியது. ரிசார்ட் கைமாறியது. புது முதலாளிக்குப் பழைய மரம் ஆகாது, கண்ணாடிக் கூரை போட்டார். சாயா கொண்டுவந்த அந்தப் பையனைப் பிறகொரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். ஒரு லாரி வந்து பலகைகளை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னான். எந்தப் பக்கம் போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லாக்கா அதைக் கேட்க இல்லை. முந்தின மழைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானதாஸ் சார் என்னை வரச்சொல்வார். செய்தித்தாள் ஓரத்தில், ஓவர்சியர் கையல்லவா, பென்சிலால் கோடிழுத்து மச்சை வரைவார். ஏதேன், நோவாவின் தோணி, விழிஞ்ஞம் கடல்போன்ற கடல். நடுநடுவே என்னிடம் சரிபார்ப்பார். வாசலுக்கு நேர்மேலே என்ன இருந்தது என்பதில் ஒருநாள் இருவருக்கும் சண்டை. யோனாவை விழுங்கிய மீன் என்கிறார் அவர். பேதுருவின் சேவல் என்கிறேன் நான்.

"அவளுக்குத் தெரியும்" என்றார் சார். அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு மற்றதை வரைந்தார்.

போன வாரம் போயிருந்தேன். இன்னும் இரண்டு மூலைகள் வெறுமையாகிவிட்டன. அங்கே என்ன இருந்தது என்று இப்போது எங்களுக்குள் சண்டைகூட இல்லை.