கிடங்குக்குள் கேட்ட தட்டல்

ஆம்பூரை அடுத்த பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒரு தோல் கிடங்கு இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் இரண்டே மாட்டுவண்டிகளோடு தொடங்கிய தொழில். அக்கரைச் சரக்கை மணலில் வண்டி ஓட்டிக் கொண்டுவந்து அடுக்கி, ரயிலில் மதராஸுக்கு அனுப்புவார்கள். வண்டிகள் பதினான்காகப் பெருகியிருந்த ஓர் ஐப்பசியில், ஆற்றைக் கடந்துகொண்டிருந்த பெரியப்பாவை வெள்ளம் கொண்டுபோனது. மாடுகள் மட்டும் பள்ளிகொண்டா பக்கம் கரையொதுங்கின.

பெரியம்மா அழவில்லை, தாலியைக் கழற்றவும் இல்லை. "ஆளே கெடைக்கல. எப்படிக் கழட்டுவேன்?" என்றாள். தினமும் கிடங்கு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

மறுவருஷம், எனக்கு எட்டு வயது. ஒரு நடுப்பகல். மழையில்லை, ஆறு வெறும் மணல். பூட்டிய கிடங்குக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். டொக். சற்று விட்டு, டொக், டொக். வண்டிக்காரர்கள் அசையாமல் நின்றார்கள்.

பெரியம்மா கதவில் காதை வைத்தாள். "வந்துட்டீங்களா?"

சத்தம் நின்றது. பிறகு ஒரே ஒரு டொக்.

அப்பா ஓடிவந்து பூட்டைத் திறந்தார். அவர் முழங்கைக்குக் கீழே நான் எட்டிப் பார்த்தேன். படியிறங்கிப் போகும் தாழ்ந்த தளம் அது. தரையிலிருந்து ஊறிய தண்ணீர் பாதிப் படிவரை நின்றது. காலி எண்ணெய்ப் பீப்பாய்கள் அதில் மிதந்து சுவரை மெல்ல இடித்துக்கொண்டிருந்தன.

"ஆத்துல மேலே எங்கியோ வெள்ளம் வந்துடுச்சு. வண்டியக் கட்டுங்கடா!" என்று கத்தினார் அப்பா.

எடுக்க முடிந்த தோல்கட்டுகளை ஏற்றினார்கள். பெரியம்மா மட்டும் கதவின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு உள்ள இருக்காரு. நான் வரல." இரண்டு பேர் இழுத்தும் அசையவில்லை.

அப்பா அவள் முன்னால் மண்டியிட்டார். "அண்ணன்தான் அண்ணி. எங்கிட்டப் பேசினாரு. உங்கள இட்டுக்கினு போகச் சொன்னாரு."

"பீப்பாய்தானேப்பா..." என்றேன். அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது.

பெரியம்மா அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து, தானாகவே வண்டியில் ஏறினாள்.

நாங்கள் ஸ்டேஷனை எட்டுமுன் ஆறு இரையத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் கிடங்கு இருந்த இடமே தெரியவில்லை. மறுநாள் காலை பெரியம்மா தாலியைக் கழற்றிவிட்டு, ஒரு வருஷ அழுகையை அழுதாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் புதுக் கிடங்கு எழும்பியது. அப்பாவின் சமயோசிதத்தை ஊரே மெச்சியது. அப்பா பொய் சொன்னதைக் கண்டுபிடித்தவள் நான் என்ற பெருமை எனக்கு. தண்ணீரைத் தொடாத அந்தக் கை என் வாய்மேல் ஏன் அத்தனை சில்லிட்டிருந்தது என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.