ஒற்றைக் கையில் தொங்கியவர்

பிள்ளைகளே, ஒரு தீபத் திருவிழாவுக்கு நம் ஊர் வந்த சர்க்கஸில் நான் விளக்குக் கட்டினேன். அங்கே உயரத்துக் கம்பியில் ஒற்றைக் கையால் தொங்கப் பழகிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். முறுக்கிய கயிறு போன்ற கைகள் அவருக்கு. தோளைக் கீழே இழுத்துப் பிடிக்காவிட்டால் உடம்பு பம்பரமாய்ச் சுற்றிப் பிடி நழுவிவிடும். கீழே வலையில் விழும்போதெல்லாம் எழுந்து கம்பியைத்தான் முறைப்பார்.

"இன்னைக்கு ஆட்டத்துல தொங்கலைன்னா நாளையிலேர்ந்து டிக்கெட் கிழிக்கப் போ," என்றார் மேனேஜர்.

"பேண்டு வாசிக்கச் சொல்லுங்க, தொங்குறேன்," என்றார் அவர்.

கை வியர்க்காமல் பூசும் பவுடர் தீர்ந்திருந்தது. நான் கோயில் விபூதியை நீட்டினேன். "கையில பூசிக்கோ தங்கச்சி. அண்ணாமலையார் புடிச்சுக்குவாரு."

நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டார். "கையில வேணாண்ணா. அப்புறம் சாமிதான் புடிச்சாருன்னுவாங்க. புடிக்கிறது நானு." கூடாரத்து மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு ஏறினார்.

பேண்டு நின்றும் அவர் இறங்கவில்லை. உடம்பு சுற்றவே இல்லை. "போதும், இறங்கும்மா!" என்று மேனேஜரே கத்தினார். கூட்டமோ, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றது.

தொங்கியபடியே அவர், சும்மா இருந்த கையால் தன் தோளைத் தட்டிக் காட்டினார்.

நானும் அரோகரா போட வாய் திறந்தவன்தான். மூடிக்கொண்டு, உள்ளங்கை எரியக் கை தட்டினேன்.