நான் திருத்திய ஒப்பாரி

மைதாப் பசையின் புளித்த வாடைதான் எனக்குக் கவிதையின் முதல் வாடை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊர் மதகுச் சுவரில் ஆளுங்கட்சிக்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் ஒட்டிவிட்டுப் போகும் சுவரொட்டிகளில், தலைவரை வரவேற்று நாலு வரியாவது பாட்டு இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று, பசை காய்வதற்குள் அதை மனப்பாடம் செய்துவிடுவேன். முதலெழுத்தோடு முதலெழுத்து இடித்துக்கொண்டு ஓடும் அந்த வரிகளில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஓசை இருந்தால் கவிதை, இல்லாவிட்டால் வெறும் பேச்சு, அவ்வளவுதான் என் இலக்கணம். எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் எங்கள் கூலிக்காரத் தெருவில் எனக்குப் "புலவரம்மா" என்று பெயர் விழுந்திருந்தது, தலைக்கனமும் ஏறியிருந்தது.

அந்த வருடம் அறுப்புக்குக் கூடுதல் நெல் கேட்டு எங்கள் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் நின்று மறித்தவர்களில் அம்மாவின் தம்பியும் ஒருவர். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா. தலையில் அடிபட்டவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் தெருவில் செத்தவருக்கு நெருங்கிய பெண்தான் "சொல்லி அழ" ஆரம்பிக்க வேண்டும். அவள் வாய் திறந்த பிறகே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அம்மா ஆரம்பித்தாள். மாமாவுக்கு வலது காலில் ஆறாத சேற்றுப்புண், ரசத்தில் கறிவேப்பிலை கிடந்தால் ஒதுக்கிவைப்பார், பொங்கல் சட்டைக்கு இன்னும் ஒரு பொத்தான் தைக்கவில்லை, இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். நான் சுவரோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அழவில்லை. இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அதையே கவிதையாக்கினேன். சேற்றுப்புண்ணும் பொத்தானும் கவிதைக்கு ஆகுமா? எடுத்துவிட்டேன். "சிங்கமே, செங்கதிரே" என்று ஆரம்பித்து, எதுகை தட்டாமல் இருபது வரி. சுத்தமாக நகல் எடுத்ததும், அம்மா சொன்னதை எழுதியிருந்த தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன். விழாவில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள். என் கவிதைக்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பெருமை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "நல்லாதான் இருந்துச்சு. அதுல என் தம்பி எங்கடி?"

"எல்லாமே மாமாவப் பத்திதாம்மா."

"யாரோ பெரிய மனுசனச் சொன்ன மாதிரி இருந்துச்சு," என்றாள்.

பிறகு கல்லூரியில் நிறைய வாசித்தேன். என்னைக் கட்டிப்போட்ட எந்தக் கவிதையிலும் சிங்கம் இல்லை. தைக்காத பொத்தான் மாதிரி ஏதோ ஒன்றுதான் இருந்தது. அது புரிந்ததும் ஊருக்கு ஓடிவந்து, அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லும்படி அம்மாவைக் கெஞ்சினேன்.

"சாவு இல்லாத வீட்டுல அதப் போயி யாராவது பாடுவாங்களா? அன்னக்கி அழுதது அன்னக்கோட போச்சு," என்றாள்.

எனக்குத் தெரிந்தவை மேலே எழுதிய அந்த மூன்று மட்டும்தான். மற்றதெல்லாம் அடுப்போடு போயிற்று. நான் எழுதிய இருபது வரியோ இன்றுவரை மறந்து தொலையவில்லை.

போன ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சொல்லி அழத் தெரிந்தவர்கள் தெருவில் இப்போது இரண்டே பேர். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஒத்தப் பொண்ணு நீதானம்மா. ஆரம்பி."

முப்பது வருடம் கவிதை கற்பித்தவள் வாயைத் திறந்தேன். அம்மாவுக்கு எது பிடிக்கும், எந்தக் காலில் வலி என்பாள், அவள் எதைக் கேட்டு நான் வாங்கித் தராமல் விட்டேன், ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர்களே ஆரம்பித்தார்கள்.