உன்னிச்சைத் தட்டு

அந்த ஆசுபத்திரி வாசலை ஏழு வருடமாக அன்னப்பூரணிதான் ஆண்டு வந்தாள். ஆண்டு வந்தாள் என்று சொன்னால் ஆசுபத்திரிக்காரர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டுக் குழப்பத்துக்குப் பிறகு ஆண்பிள்ளைகள் வாசலில் நிற்கப் பயந்தார்கள். இருந்த இரண்டு காவற்காரரில் ஒருவர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். மற்றவரை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் ஒன்பதாம் நாள் விட்டார்கள். திரும்பி வந்தவர் சமையற்கட்டில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது வாட்டுக் கூட்டிக்கொண்டிருந்த அன்னப்பூரணி, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் நிக்கிறன் சேர்" என்றாள். அன்றைக்கு வாசற் பூட்டின் திறப்பு அவள் கைக்கு வந்தது. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், வாவியில் வலை போடும் புருசன்.

காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணிவரை அவளுடைய பொறுப்பு. அவளுக்குக் கீழே மூன்று பேர். பின்வாசலில் வேலன். முன்வாசலில் பெண்களின் பைகளைச் சோதிக்க றபீக்கா. மூன்றாவதாக, இரண்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த புஸ்பம்.

புஸ்பத்துக்கு இருபத்தாறு வயது. வெல்லாவெளிப் பக்கத்து ஆள். சத்தம் போடத் தெரியாதவள். பன்னிரண்டு மணிக்கு நோயாளர் பார்க்க வரும் சனம் வாசலை நெருக்கும்போது அன்னப்பூரணி தொண்டை கிழியக் கத்துவாள்: "வரிசையா நில்லுங்க கா. ஆசுபத்திரி எங்கயும் ஓடிப்போகாது." சனம் கேட்காது. புஸ்பம் முன்னால் நிற்கும் கிழவியிடம் போய், "பெத்தா, நீங்க என்ன குடி?" என்று கேட்பாள். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. குடியைச் சொன்னால் யார் யாருக்கு என்ன முறை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிழவி தன் குடியைச் சொல்லுவாள். "அப்ப நீங்க எனக்கு மாமி முறையெல்லா. மாமி, கொஞ்சம் அங்கால நில்லுங்க, உங்களைப் பாத்து மத்தவங்களும் நிப்பாங்க." மாமி நிற்பாள். மாமிக்குப் பின்னால் முழுச் சனமும் நிற்கும்.

இரண்டு மாதத்தில் புஸ்பத்துக்கு வாவியின் இரு கரையிலும் மாமிமாரும் மச்சாள்மாரும் பெருகிவிட்டார்கள். வரும்போது அவளுக்கு மாங்காய் கொண்டு வந்தார்கள், தயிர்ச்சட்டி கொண்டு வந்தார்கள். ஏழு வருடத்தில் அன்னப்பூரணிக்கு ஒருவரும் ஒரு வெற்றிலை தந்ததில்லை. தந்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டாள். ஆனால் தந்திருக்கலாம்தானே என்று இப்போது தோன்றியது.

பெரிய டொக்டர் அன்னப்பூரணியை "கேற்றில நிக்கிற பொம்பிள" என்பார். புஸ்பத்தைப் புஸ்பம் என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் புஸ்பம் அன்றைக்குச் செய்ததைச் சொல்லுவாள். புஸ்பம் சிரித்தாள், புஸ்பம் கொண்டையில் பூ வைத்திருந்தாள், தாதிமாருக்கெல்லாம் பெரியவளான மேற்றன் புஸ்பத்துக்குத் தேத்தண்ணி அனுப்பினாள். புருசன் நாகரெத்தினம் ஒருநாள் மீன்முள்ளைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ என்னோடயா குடும்பம் நடத்துற? அந்தப் புள்ளையோடயா?" அவள் மூன்று நாள் அவனுடன் கதைக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் நிர்வாக உத்தியோகத்தர் வல்லிபுரம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பின்னேர வேளைக்கும் ஒரு தலைமை தேவைப்படுது. புஸ்பத்தைப் போடலாமெண்டு பாக்கிறன். உங்களோட வேலை செய்யிற ஆள், நீங்கதான் சொல்லவேணும். குறை இருந்தா எழுதித் தாங்க. இல்லையெண்டா இல்லையெண்டு எழுதித் தாங்க. இண்டைக்கு வேலை முடியக்குள்ள தந்தாப் போதும்."

"எனக்குச் சமமாவா சேர்?"

"ஓம். அதே பொறுப்புத்தானே."

ஏழு வருடம் ஒரு பக்கம், இரண்டு மாதம் ஒரு பக்கம். தராசு நேராக நிற்கிறதாம். அன்னப்பூரணி படியிறங்கி வந்தபோது ஒன்று மட்டும் முடிவாயிருந்தது. இரண்டு மணிக்குள் புஸ்பத்தின் வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். பொய்க் குறை வேண்டாம். பொய் எழுதும் ஆள் அவள் இல்லை. உண்மையான ஒரு குறை, ஒன்றே ஒன்று போதும்.

காலை முழுவதும் தேடினாள். புஸ்பம் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தாள். அம்புலன்ஸ் வந்தபோது இரு கதவையும் சரியாகத் திறந்தாள். ஜீப்பில் வந்த இரண்டு படையினர் துவக்குடன் உள்ளே போகப் பார்த்தபோது, தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லை வைத்தே அவற்றைக் காவலறையில் வைக்கச் செய்தாள். அதையும் அவர்கள் சிரித்துக்கொண்டு செய்தார்கள்.

றபீக்கா ஒரு பையைச் சோதித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா, நீங்க பாக்கிற பார்வைக்கு அந்தப் புள்ளை எரிஞ்சு சாம்பலாப் போவாள். கொஞ்சம் அங்கால பாருங்க."

"உன்ட பையைப் பாரு நீ."

பன்னிரண்டு மணி ஆனது. பார்க்க வரும் ஒவ்வொருவரும் அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், வெளியே வரும்போது வாங்கவேண்டும். அதற்கு அன்னப்பூரணி ஒரு முறை வைத்திருந்தாள். மருந்துப் போத்தல் வந்த பழைய மரப்பெட்டியில் இருபத்துநான்கு தட்டு. ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர். அட்டையில் என்ன ஊர் இருக்கிறதோ அந்தத் தட்டில் அட்டை போகும். ஒரு மணிக்கு மணியடித்ததும் வாவிக்கு அப்பால் படுவான்கரை ஊர்களை முதலில் கூப்பிடுவாள். அவர்கள்தான் இரண்டு மணிப் பாதையைப் பிடிக்க வேண்டியவர்கள். பாதை என்பது வாவியைக் கடக்கும் மிதவை. இரண்டு மணிக்குப் பிறகு இராணுவம் அதை விடாது. அட்டை இல்லாமல் துறையடிக் காவலரணைத் தாண்டவும் முடியாது. ஏழு வருடத்தில் இந்தப் பெட்டியில் ஓர் அட்டை மாறியதில்லை. பெரிய டொக்டரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "நல்ல யோசினை" என்று சொன்ன பெட்டி அது.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். புஸ்பம் அட்டைகளை வாங்கி மேசையில் வைக்க, அன்னப்பூரணி அட்டையைப் படித்துத் தட்டில் போட்டாள். நெருக்கம் கூடியபோது புஸ்பமும் சிலதைத் தட்டில் போட்டாள்.

ஒரு மணி பத்துக்கு வெல்லாவெளித் தட்டு காலியானது. ஒரே ஒருவன் மட்டும் கையை நீட்டியபடி நின்றான். முப்பது வயதிருக்கும், சேட்டின் மேல் பொத்தான் இல்லை.

"என்ட காட் எங்க?"

"பேர் என்ன?" என்றாள் புஸ்பம்.

"கனகசிங்கம். வெல்லாவெளி. உங்கட கையிலதான் தந்தன் தங்கச்சி. நீங்க குடி கேட்டீங்க. உங்கட குடிதான் நானும் எண்டு சொன்னன்."

"ஓம் அண்ணன், தந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

புஸ்பம் மேசையைத் தேடினாள். மேசைக்குக் கீழே தேடினாள். பக்கத்துத் தட்டுகளைக் கிளறிப் பார்த்தாள். கனகசிங்கம் வாவிப் பக்கம் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக நின்றான். பெண்சாதி மூன்றாம் வாட்டில் காய்ச்சலோடு கிடக்கிறாள், இரண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான், பொழுதுபடமுன்னம் வருவேன் என்று சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொன்னான்.

அன்னப்பூரணியின் நெஞ்சு குளிர்ந்தது. இதோ அந்தக் குறை. புஸ்பமே ஆளின் கையிலிருந்து வாங்கினேன் என்கிறாள், வாங்கியது இல்லை. எழுதுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? வேலனைக் கூப்பிட்டு, "மேல போய் வல்லிபுரம் சேரைக் கூட்டி வா. ஒரு காட் துலைஞ்சு போச்செண்டு சொல்லு" என்றாள்.

வேலன் போனபின் தானும் தேடுவது போல் பெட்டியின் கீழ் வரிசையைப் பார்த்தாள். உன்னிச்சைத் தட்டில் ஓர் அட்டை இருந்தது. அன்றைக்கு உன்னிச்சையிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதால் அந்தத் தட்டை யாரும் பார்க்கவில்லை. அட்டையில் கனகசிங்கத்தின் முகம். முகவரி உன்னிச்சை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவன் பிறந்தது உன்னிச்சை, தாயின் வீடு அங்கே. கலியாணம் முடித்துப் பெண்சாதியின் வீட்டுக்கு, வெல்லாவெளிக்குப் போயிருக்கிறான். இந்தப் பக்கத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான் போவார்கள். அவளுடைய புருசனும் அப்படி வந்தவன்தான். ஏழு வருடமாக ஆசுபத்திரிக்கு வந்ததெல்லாம் பெண்கள். ஆண்கள் காவலரணுக்குப் பயந்து ஊரை விட்டு அசையவில்லை. பெண்கள் பிறந்த ஊரிலேயே இருக்கிறவர்கள். அட்டையில் உள்ள ஊரும் படுத்தெழும்பும் ஊரும் அவர்களுக்கு ஒன்று. அதனால்தான் பெட்டி பிழைக்கவில்லை. புஸ்பமாக இருந்தால், ஆளிடம் எந்த ஊர் என்று கேட்டுப் போட்டிருப்பாள். அட்டையைப் படித்துப் போட்டது அன்னப்பூரணி.

அவளுடைய உள்ளங்கை அந்தத் தட்டை மூடியது.

கொஞ்ச நேரம். சேர் வந்து பார்க்கும்வரை மட்டும். துறைக்கு நடை இருபது நிமிடம், இன்னும் நேரம் இருக்கிறது. அவள் கையை எடுக்கவில்லை. சுவர் மணிக்கூட்டில் ஒன்று முப்பதானது. மேலேயிருந்து இறங்கி வந்த தாதி ஒருத்தி சொன்னாள்: வல்லிபுரம் யாருடனோ தொலைபேசியில் கதைக்கிறாராம், வேலன் கதவுக்கு வெளியே நிற்கிறானாம். ஒன்று நாற்பது. கனகசிங்கம் வாசலுக்கு ஓடித் துறைப் பக்கம் பார்த்துவிட்டு வந்தான்.

வல்லிபுரம் வந்தார். "என்ன நடந்தது?"

"என்ட பிழை சேர்" என்றாள் புஸ்பம். "நான்தான் வாங்கின. எங்கயோ மாறி வச்சிட்டன். அக்கா ஒண்டும் செய்யல்ல." அவள் கண் கலங்கியிருந்தது.

இப்போது ஏசுவார் என்று அன்னப்பூரணி காத்திருந்தாள். வல்லிபுரம் ஏசவில்லை. "புதுசுதானே. அழாதீங்க, தேடிப் பாப்பம்" என்றார். றபீக்கா புஸ்பத்தின் தோளில் கை வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பாதையைத் தவறவிடப்போகிற கனகசிங்கமே, "தங்கச்சிய ஒண்டும் சொல்லாதீங்க சேர். இவ்வளவு சனத்துக்குள்ள ஆருக்கும் மாறும்" என்றான்.

அன்னப்பூரணிக்கு அதைத் தாங்க முடியவில்லை. நல்லதைச் செய்தால் மாங்காய். பிழையைச் செய்தால் தோளில் கை. அதுவும் அவள் செய்யாத பிழைக்கு. இந்தப் பிழையாவது என்னுடையது என்று அவளுக்குள் ஏதோ எகிறியது.

"அது அவட பிழையில்ல" என்றாள், சத்தமாக. தட்டிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "உன்னிச்சைத் தட்டில கிடக்கு. காட்டில உள்ள ஊரைப் பாத்து நான்தான் போட்டன். நான் போட்டது."

கனகசிங்கம் அட்டையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அப்போது மணி ஒன்று ஐம்பது.

இரண்டரைக்குத் திரும்பி வந்தான். வேர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. பாதை நடுவாவிக்குப் போய்விட்டது, காவலரணில் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தேன் என்றான். இனி நாளைக் காலை ஏழு மணிக்குத்தான். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்ற அன்னப்பூரணியிடம் நேரே வந்து ஒன்றுதான் கேட்டான்:

"அக்கா, அந்தக் காட் உங்கட கையில எப்ப கிடைச்சது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. "வேலன் மேல போகக்குள்ள" என்றாள்.

அவன் மனதுக்குள் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு, "சரி" என்றான். போய் மூன்றாம் வாட்டு வாசற்படியில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். சற்று நேரத்தில் புஸ்பம் தன் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளும், அந்த வீட்டு மச்சாளைத் தனக்குத் தெரியும் என்று அவள் சொல்வது கேட்டது. அவளுக்குத் தெரியாமல் யார் இருக்கிறார்கள்.

அன்னப்பூரணி காவலறையில் இருந்து கடிதத்தை எழுதினாள். புஸ்பத்தின் வேலையில் குறை இல்லை. இன்றைக்கு அட்டை மாறியது என் பிழை. அது கிடைத்த பிறகும் உடனே கொடுக்காததும் என் பிழை. மூன்று வரிக்கு அரை மணித்தியாலம் ஆனது.

வல்லிபுரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பெரிய மனசு உங்களுக்கு. அந்தப் பிள்ளையைக் காப்பாத்தப் பாக்கிறீங்க, விளங்குது. கடைசி வரியை எடுத்திடுங்க, அதெல்லாம் தேவையில்ல."

"அது உண்மை சேர்."

"ஏன் குடுக்காம இருந்தீங்க?"

"அவவுக்கு ஒரு குறை வேணுமெண்டு இருந்தது எனக்கு."

அவர் கடிதத்தை இரண்டாவது முறை படித்தார். இம்முறை பெரிய மனசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"காலமை வேளை என்னட்ட இருக்கட்டும் சேர். பின்னேரம் அவவுக்குக் குடுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கேற்றில நிக்க ஏலாது. என்னால ஏலாது."

இந்தக் கடைசி வரி என் கடிதக் கோவைக்குள் இருக்கும் என்றும், இனி ஒரு அட்டை பிந்தினாலும் அதை வெளியில் எடுப்பேன் என்றும் வல்லிபுரம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை அவள் பெட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு ஆளையும் கேட்டாள்: "எந்த ஊருக்குத் திரும்பிப் போறீங்க?" அட்டையைப் படிக்கவில்லை. குடியும் கேட்கவில்லை. அதை மட்டும் புஸ்பத்திடமிருந்து எடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை.

இரண்டு மணிக்குப் புஸ்பம் வந்தாள். திறப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது.

"அக்கா, ஒண்டு கேக்கட்டா? இவ்வளவு நாளும் சத்தம் போட நீங்க இருந்தீங்க. அதால நான் எல்லாரோடயும் சிரிச்சிக்கொண்டு நிண்டன். இனி ஆக்கள் நெருக்கக்குள்ள நான் என்ன செய்யிற?"

இரண்டு மாதமாக அந்த மாமிமாரெல்லாம் புஸ்பத்தின் சொல்லுக்கு நின்றது ஏன் என்பது இப்போதுதான் அன்னப்பூரணிக்குத் தெரிந்தது. தன்னுடைய ஏச்சுக்குப் பயந்துதான் சனம் புஸ்பத்தின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. புஸ்பத்தின் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. யாரிடம் முதலில் சத்தம் போடவேண்டும், எந்த ஊர்க்காரரிடம் போடவே கூடாது, தொண்டை கட்டினால் என்ன குடிக்கவேண்டும், எல்லாம் ஏழு வருடத்தில் சேர்த்தவை.

"பழகும்" என்றாள். குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.