இரைச்சல் தானாக நின்ற அன்று

1. ஆளுக்கொரு பெயர்

மைக்கை மிக்சரில் சொருகி, சத்தம் கூட்டும் ஃபேடரை ஏற்றியதும் ‘உம்ம்ம்’ என்று பந்தல் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. பிரசங்கம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வசிக்கும் தெரு. அங்கே அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பிற்பகலில் மகாபாரதக் கதை நடக்கும். அன்று முதல் நாள்.

விழாக் கமிட்டித் தலைவர் ஏகாம்பரம் ஓடி வந்தார். “இன்னா பாய், பாரதம் கேக்க வந்தா பவர்லூம் ஓட்டிக்கினு இருக்கீங்க?”

அவர் கைத்தறிக்காரர். அவர் வாயில் பவர்லூம் என்பது கெட்ட வார்த்தைக்குச் சமம். அந்த நெருக்கடியிலும் எனக்கு அது பிடித்துப்போனது. இரைச்சலுக்கு ஜனங்கள் வைக்கிற பெயர்களைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். நான் இந்த மைக் செட் வேலையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. பழைய ஆம்ப்ளிபயர்களைப் பிரித்துப் பார்த்தும், ஜனங்கள் சொல்வதைக் காதில் வாங்கியும் கற்றுக்கொண்டவன். “அப்பளம் பொரியுது பாய்” என்றால் கேபிள் முனையில் சால்டரிங் விட்டிருக்கும். “ஈ மொய்க்குது” என்றால் மைக் ஒயர் லைட் ஒயரோடு ஒட்டிக்கொண்டு போகும். “மழை பெய்யுது” என்றால் மைக் சத்தத்தைப் பெருக்கும் கெய்னைத் தேவைக்கு மேல் ஏற்றியிருப்போம். ஒரே சுருதியில் பிசகாமல் உம்மென்று நின்றால் பெரும்பாலும் எர்த் கோளாறு.

2. தேடல்

கேபிளை மாற்றினேன். சேனலை மாற்றினேன். மைக்கையே கழற்றினேன். முனகல் போகவில்லை. மிக்சரின் தகரப் பாடியில் கை வைத்தால் குறைந்தது, எடுத்தால் கூடியது. சந்தேகமே இல்லை, எர்த் கிடையாது.

மிக்சரும் ஆம்ப்ளிபயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. அந்தப் பாக்ஸுக்கு எதிர்வீட்டிலிருந்து கரண்ட் எடுத்துக் கொடுத்தவர் லைட் செட் சேகர். பழைய வீடு, இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட். எர்த் ஒயருக்கு அங்கே இடமே இல்லை.

“தலைவரே, தரையில கம்பி அடிச்சு எர்த் குடுக்கணும். கொஞ்சம் டைம் வேணும்” என்றேன்.

“நல்ல நேரம் போய்டும் பாய். அந்தம்மா கால் கழுவ வந்து நின்னுட்டாங்க.”

அந்தம்மா என்றது பிரசங்கியார் வேதவல்லியை. இந்தத் தெருவில் ஒரு பெண் பாரதம் சொல்ல வந்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள் பிரசங்கியாரின் காலில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஈரத்தைத் துடைக்காமல்தான் கல் மேடையில் ஏற வேண்டும். அது இந்தத் தெரு வழக்கம்.

நான் எர்த் கம்பி எடுத்து வர வேனுக்குப் போனேன்.

3. நிசப்தம்

திரும்பி வந்தபோது முனகல் இல்லை. துளியும் இல்லை. மைக்கை மறுபடி சொருகி ஃபேடரை மேலே ஏற்றினேன். சுத்தமாக இருந்தது.

“பாய் கை வெச்சா கை வெச்சதுதான்” என்று ஏகாம்பரம் முதுகில் தட்டினார்.

நான் இன்னும் கையே வைக்கவில்லை. கோளாறு அப்படியே இருக்க, சத்தம் மட்டும் எங்கே போகும்? மிக்சர் பாடியில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அப்படியும் மனசு அடங்கவில்லை.

“சேகர், நீ எதையாவது தொட்டியாபா?”

“ஆமா பாய்” என்றார் சேகர், சிரித்துக்கொண்டே. “நீங்க அல்லாடிக்கினு இருந்தீங்களே, பாவம்னு பாக்ஸத் தொறந்து நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேத்துட்டேன். சத்தம் போச்சா இல்லியா?”

அவசரத்தில் பந்தல்காரர்கள் செய்கிற வேலைதான் இது. சத்தம் போய்விடும், அது உண்மை. ஆனால் இரண்டு முள் பிளக்கை யாராவது கழற்றித் திருப்பிச் சொருகினால் நியூட்ரல் இருந்த இடத்துக்கு, கரண்ட் வருகிற பேஸ் வந்துவிடும். மிக்சர் பாடி, மைக் ஒயருக்குள் இருக்கும் ஷீல்டு வலை, மைக்கின் இரும்பு உடம்பு, ஸ்டாண்ட் எல்லாம் கரண்ட். மிக்சரை ஆஃப் செய்தாலும் அது போகாது. மொத்த செட்டும் ஒரே பாக்ஸில் இருப்பதால் ஸ்பீக்கர் முனகிக் காட்டியும் கொடுக்காது.

“நான் சரியாத்தான் சொருகி இருக்கேன் பாய். அத்த யார் தொடப் போறாங்க?”

சேகர் சொல்லி வாய் மூடவில்லை, மிக்சரின் விளக்கு அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார்: “ஒண்ணுமில்லபா! தேங்கா ஒரு சுத்து அரைச்சேன். உங்க பிளக்க மறுபடி சொருகிட்டேன்!”

டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

நான் ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். ஃபேடர் குமிழ்களும் பிளாஸ்டிக். அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வேதவல்லி படியேறிக்கொண்டிருந்தார். “போதும்மா, கால் ஊறிப் போச்சு. நான் கதை சொல்ல வந்தனா, நாத்து நட வந்தனா?” என்று பெண்களிடம் சிரித்தபடி மேடைக்கு வந்தார். ஒவ்வோர் அடியிலும் கல்லில் மஞ்சள் தடம் பதிந்தது.

“தொடாதீங்க!” என்று கத்தினேன். அவரை வரவேற்று அடித்த பம்பை மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சேகர் எதிர்வீட்டுக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் வேதவல்லியின் கை மைக்குக்குப் போய்விடும். மைக் கேபிள் என் பக்கத்தில் கிடந்தது. அதன் ரப்பர் உறையைப் பிடித்து, முழு பலத்தோடு என் பக்கம் இழுத்தேன். ஸ்டாண்ட் சாய்ந்து மேடையிலிருந்து மணலில் விழுந்தது. ஸ்பீக்கரில் இடி விழுந்ததுபோல் சத்தம்.

பம்பை நின்றது. வேதவல்லியின் கை அந்தரத்தில் நின்றது.

“அபசகுனம்!” என்று ஏகாம்பரம் என் சட்டையைப் பிடித்தார். “மொத நாளே கவுத்துட்டியே பாய்!”

“யாரும் கிட்ட வராதீங்க. அதுல கரண்ட் இருக்குது” என்றேன். சேகர் பிளக்கைக் கையில் தூக்கிக் காட்டியபடி ஓடி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏகாம்பரம் என் சட்டையை விட்டார். வேதவல்லி தன் ஈரக் காலைப் பார்த்தார்.

4. யார் முதலில்

சேகர் போட்ட துண்டு ஒயரைப் பிடுங்கினேன். மஞ்சள் தண்ணீர் ஓடி ஊறியிருந்த மண்ணில் எர்த் கம்பியை அடித்தேன். ஈர மண்ணைவிட நல்ல இடம் எர்த்துக்குக் கிடையாது. கம்பியிலிருந்து பாக்ஸுக்கு ஒயர் இழுத்தேன். ஸ்டாண்டை மேடையில் நிமிர்த்தி வைத்தேன். பிளக்கைச் சொருகிவிட்டு, சேகரை அதன் பக்கத்திலேயே நிறுத்தினேன். முனகல் இல்லை. மிக்சர், ஸ்டாண்ட், மைக் மூன்றிலும் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

“வாங்கம்மா” என்றேன்.

அவர் வரவில்லை. “பாய், தப்பா நெனைக்காதே. செருப்பக் கழட்டிட்டு நீ இங்க வந்து நின்னு மொதல்ல புடி. அப்பறம் நான் வாங்கிக்கிறேன்.”

நியாயமான பேச்சு. செருப்பைக் கழற்றி மேடை ஏறினேன். கல் சில்லென்று இருந்தது. எல்லாம் சரியாக இருப்பது எனக்குத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் கை போகவில்லை. மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். தெரு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பிடித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, “பாய் இன்னும் நடுங்கிக்கினு இருக்காரு, கதைல சண்டை வந்தா இன்னா பண்ணுவாரோ” என்றார். கூட்டம் சிரித்தது. கதை தொடங்கியது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எர்த்தையும் நியூட்ரலையும் எந்த அவசரத்திலும் சேர்க்காதீர்கள். கரண்ட் லீக்கேஜ் வந்தால் லைனை உடனே அறுத்துவிடும் டிரிப்பர் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், நிறுத்தியது யார், எதைச் செய்து நிறுத்தினார் என்று தெரிகிற வரை மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதை ஒருமுறை பிடிக்க உங்களுக்கே மனசு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை.